விபத்துக்கு மட்டும்

பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடவில்லை. மூடியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இயந்திரங்கள் லாரியில் ஏறின, நாங்கள் ஏறவில்லை. கடைசி நாள் சாயங்காலம் கேக் வெட்டினார்கள். நான் கேக்கைத் தின்றுகொண்டிருந்தபோது எச்.ஆர். பெண் பக்கத்தில் வந்து, "மேடம், இன்ஷூரன்ஸ் இன்னியோட முடியுது. கார்டை நீங்களே வெச்சுக்கலாம், ஆனா யூஸ் ஆகாது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த அட்டையில் என்னோடு என் அப்பாவும் இருந்தார். உண்மையைச் சொன்னால் அவருக்காகத்தான் அந்த வேலையில் அத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. உள்ளே போன தூசி மட்டும் அவர் நெஞ்சை விட்டு வெளியே வரவில்லை. நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, எடுக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மழை முடிந்து குளிர் தொடங்கியதும் சளி கட்டும், மூச்சு முட்டும், உதடு நீலமாகும். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தால் தேறி வருவார். வருடா வருடம் இதுதான் எங்கள் டிசம்பர். கம்பெனி அட்டையை நீட்டுவேன், சேர்த்துக்கொள்வார்கள்.

இந்தத் தடவை குளிர் வந்துகொண்டிருந்தது, அட்டை செத்துவிட்டது.

வேறு வேலை கிடைக்காமல் இல்லை. கையில் ஆர்டர் இருந்தது. ஆனால் புது லைன் போட்ட பிறகுதான் சேர்த்துக்கொள்வோம், பொங்கல் கழித்து வாருங்கள் என்றார்கள். அங்கே அப்பாவுக்கும் சேர்ந்த முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. ஆக என் பிரச்சினை இவ்வளவுதான்: பொங்கல் வரைக்கும் அப்பா மூச்சு விட வேண்டும். முடியாமல் போனால் சேர்ப்பதற்கு ஏதாவது ஒரு காப்பீடு வேண்டும். என் சேமிப்பு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் ஓரிரு நாள் தாங்கும். அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அம்மா அங்கேதான் வராந்தாவில் படுத்திருந்தே செத்துப் போனாள். அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். பொம்மனஹள்ளியில் ஒரு வீட்டின் முதல் மாடியில் நானும் அப்பாவும் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டு ஓனர் ஆன்ட்டி. மேலே வர இரண்டு சுவர்களுக்கு நடுவில் குறுகலான கருங்கல் படிக்கட்டு.

வேலை போன மறுநாள், குறைந்த காலத்துக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்குமா என்று போனில் தேடினேன். ஏதோ ஒரு தளத்தில் என் நம்பரையும் அப்பாவின் வயதையும் போட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போன் வந்துவிட்டது. தேன் குரலில் ஒரு பெண், நல்ல தமிழில் பேசினாள்.

"மேடம், அப்பாக்கு சுகர் இருக்கா?"

"இல்ல."

"பிபி?"

"இல்ல."

"மூச்சு சம்பந்தமா ஏதாவது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே அப்பா இருமினார். அவர் இருமல் சாதாரண இருமல் இல்லை. அடியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு மேலே வருவது மாதிரி வரும். போனில் அந்தப் பெண் பேச்சை நிறுத்தினாள்.

"மேடம், பின்னாடி யாரு இருமறது?"

"டிவி."

"டிவியா மேடம்?"

அவள் போனை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்குள் காது வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடியும் இருமினார். "ஓகே மேடம், டீம்ல பேசிட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். கூப்பிடவில்லை.

அன்று மத்தியானம் வேறு கம்பெனி, வேறு குரல், ஒரு ஆண். வணக்கம்கூடச் சொல்லி முடிக்கவில்லை, முதல் கேள்வியே, "அப்பாவுக்கு நெஞ்சுல ஏதோ பிராப்ளம் இருக்காமே மேடம்?" என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். "சிஸ்டம்ல இருக்கு" என்றான். எந்த சிஸ்டம், யாருடைய சிஸ்டம் என்று கத்தினேன். அவன் கோபப்படவில்லை. "ஹாவ் எ நைஸ் டே மேடம்" என்றான்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. கன்னடத்தில், இந்தியில், தமிழில். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, நான் பேசும்போது எனக்குப் பின்னால் இருப்பதைக் கவனித்தார்கள். கடைசியில் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தேன்.

அதற்குத் தேவையே இருக்கவில்லை. போன் அடித்தால் அப்பா இருமுவதில்லை என்பதைக் கொஞ்சம் லேட்டாகத்தான் கவனித்தேன். மணி அடிக்கும், வீடு கப்பென்று அடங்கும். பிறகு போன் அடிக்காதபோதும் இருமல் நின்றது. பிறந்ததிலிருந்து நான் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவள். அவர் எந்த அறையில் இருக்கிறார், கோபமா தூக்கமா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன், திடீரென்று சத்தமே இல்லை என்பது உறைக்கும், கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஆள் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கண் திறந்திருக்கும், வாய் இறுக மூடியிருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். வாயில் ஒரு கிராம்பு.

"இன்னா பாக்கிற?"

"இருமலே காணோமே நைனா?"

"நல்லாயிடுச்சு. உனுக்கு அதுவும் வேணுமா?"

நல்லாகவில்லை என்று தெரியும். ஆனால் சத்தம் இல்லாத ஒன்றை எப்படிப் பிடிப்பது?

எங்கள் சர்ச் பாட்டுக் குழுவில் இருக்கும் ஒருவர் வாரநாட்களில் காப்பீடு விற்பவர். அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து காபி குடித்தார்.

"ஷார்ட் டெர்ம்னு இப்ப ஒண்ணும் பெருசா கிடையாது சிஸ்டர். கொரோனா டைம்ல குடுத்தாங்க, அதோட போச்சு. எடுத்தா வருஷத்துக்கு எடுக்கணும்."

"வருஷத்துக்கே எடுக்கறேன். போடுங்க."

"உங்களுக்குப் போடலாம். மொத மாசம் நோய் எதுவும் கவர் ஆகாது, ஆக்சிடென்ட் மட்டும். அப்புறம் சரியாயிடும்."

"எனக்கு எதுக்கு? நான் மாடு மாதிரி இருக்கேன். நைனாவுக்குச் சொல்லுங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்.

"அங்கிள் மைன்ஸ்ல இருந்தவருதானே? எழுதினா உடனே ரிஜெக்ட் பண்ணுவான். எழுதாம மறைச்சா கிளெய்ம் பண்றப்போ ரிஜெக்ட் பண்ணுவான். ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டாவதுல உங்க பிரீமியமும் போவும்."

பேசியவர்களில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவர் மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

"அப்போ வேற ஒண்ணுமே இல்லியா?"

"ஆக்சிடென்ட் பாலிசி போடலாம். அதுக்கு நெஞ்சு, சுகர் எதுவும் கேக்க மாட்டான். கீழ விழுந்தா, வண்டி இடிச்சா, ஷாக் அடிச்சா. பாலிசி வந்த நிமிஷத்துலேர்ந்து கவர்."

அதுவரை பேசாத அப்பா கேட்டார்: "வுழுந்தா எங்க சேப்பாங்க?"

"நல்ல ஆஸ்பத்திரி அங்கிள். ரூம்ல டிவிகூட இருக்கும்."

"பாத்ரூம்ல வுழுந்தா?"

"அதுவும் ஆக்சிடென்ட்தான்."

"படியில?"

"படியிலயும்தான். என்ன அங்கிள், இப்பவே எடம் பாக்கறீங்களா?" என்று அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று என்று அதை எடுத்தேன். போனில் பாலிசி வந்தது. விபத்துக்கு மட்டும் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

அந்த வாரம்தான் படிக்கட்டு நனைய ஆரம்பித்தது.

காலையில் பால் வாங்க இறங்கினேன். மேலிருந்து இரண்டாவது படி மட்டும் ஈரம். மழை இல்லை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மற்ற படியெல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்க, அந்த ஒரு படி பளபளவென்று இருந்தது. தாண்டிப் போய்விட்டேன். மறுநாள் அதே படி. அதற்கு மறுநாளும். ஒரு நாள் சோப்பு வாசனை வந்தது.

ஓனர் ஆன்ட்டி கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கன்னடக்காரி, எங்களோடு இருந்து இருந்து பாதி தமிழாகிவிட்டவள். "ஏனம்மா, தினா மெட்டில்ல நீரு யாரு ஹாக்தாரே? தண்ணி யாரு ஊத்தறது? நான் விழுந்தா நீ சோறு போடுவியா?"

"நான் ஊத்தல ஆன்ட்டி. டேங்க் லீக்கா இருக்கும்."

தரம் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு பொருளில் குறை இருந்தால் அது எங்கே தொடங்கியது என்று தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பிளம்பரைக் கூப்பிட்டேன். டேங்கைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், சுவரைத் தட்டினான். "எங்கயும் லீக் இல்லக்கா" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போனான். தண்ணீர் மேலே இருந்து வரவில்லை, சுவரிலிருந்தும் வரவில்லை. ஆனாலும் படி நனைந்தது.

வேறு சிலவும் நடந்தன. பாத்ரூமில் போட்டிருந்த ரப்பர் பாய் காணாமல் போனது. தேடினால் மாடிக் கொடியில் தொங்கியது. படிக்கட்டின் நடுவில் இருந்த பல்பு எரியவில்லை. ஃப்யூஸ் போயிருக்கும் என்று கழற்றப் போனால், பல்பு நல்ல பல்பு, யாரோ தளர்த்தி விட்டிருந்தார்கள். முடுக்கியதும் எரிந்தது. மறுநாள் மறுபடி தளர்ந்திருந்தது. சமையலறை ஸ்டூலின் ஒரு காலுக்குக் கீழே இருந்த ரப்பர் இல்லை. நான் ஏறினபோது ஆடியது.

ஓனர் ஆன்ட்டி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள். முன்னே இந்த மாடியில் இருந்த குடும்பத்தில் மருமகள் அந்தப் படியில் உட்கார்ந்துதான் துணி துவைப்பாளாம். ஒரு நாள் வழுக்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லையாம்.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். அவ இன்னும் துவைக்கறா."

"நாங்க கிறிஸ்டியன்ஸ் ஆன்ட்டி. அதெல்லாம் நம்ப மாட்டோம்."

"நீ நம்பலன்னா அவ துவைக்க மாட்டாளா?"

அன்றே கேட்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டில் இறங்கும்போதெல்லாம் இரண்டு சுவரையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சில காலைகளில் அப்பா படிக்கட்டின் மேல் முனையில் செருப்பில்லாமல் நிற்பார். கீழே பார்க்க மாட்டார். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏதோ வரப்போகிறது, வந்ததும் ஏறிக்கொள்ள வேண்டும் என்பது மாதிரி நிற்பார். "இன்னா நைனா?" என்றால், "காத்து" என்பார். அங்கே காற்றே வராது.

அவர் நிற்பதைப் பார்த்தேன், ஈரத்தையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

புதுக் கம்பெனியில் சான்றிதழ்களின் நகல் கேட்டார்கள் என்று ஒரு நாள் கிளம்பினேன். போனால் சம்பந்தப்பட்டவர் லீவாம். திட்டிக்கொண்டே பாதி நாளிலேயே திரும்பி வந்தேன். நல்ல உச்சி வெயில். கேட்டைத் திறந்து படிக்கட்டின் கீழே வந்து தலையைத் தூக்கினேன்.

மேலே அப்பா நின்றிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் பாத்ரூம் மக். செடிக்கு ஊற்றுவது மாதிரி நிதானமாக, சிந்தாமல், அந்த இரண்டாவது படியில் தண்ணீரை ஊற்றினார். மக்கைப் பின்னால் வைத்தார். தலையை நிமிர்த்தி எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு அங்கே படியே இல்லை என்பதுபோல் காலை வைத்தார்.

கால் வழுக்கியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தக் கால் விரல்கள் மூடிக்கொண்டன. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கை விரல் மாதிரி அவை கல் விளிம்பைக் கவ்விப் பிடித்தன. முழங்கால் மடங்கியது, உள்ளங்கை சுவரில் போய் ஒட்டியது. ஆள் நின்றுவிட்டார்.

அவர் முகத்தில் தப்பித்தோம் என்ற எண்ணம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவனின் சலிப்புதான் இருந்தது. மேலே ஏறினார். மக்கை எடுத்தார். மறுபடி ஊற்றினார். மறுபடி காலை வைத்தார். மறுபடி விரல்கள் பிடித்தன.

நடுவில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். வாய் மீன் வாய் மாதிரி திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தம் இல்லை. இருமல் இல்லை, இரைப்பு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்பது மாதிரி இருந்தது. நான் கூப்பிட்டால் திடுக்கிட்டு நிஜமாகவே விழுந்துவிடுவார் என்று பயந்து, வெயிலில் கட்டை மாதிரி நின்றேன். கடைசியில் அவராகவே களைத்துப் போய் மேல்படியில் உட்கார்ந்தார். அப்போதுதான் என்னால் ஏற முடிந்தது.

"வந்துட்டியா? இன்னிக்கு சீக்கிரமா?"

"இன்னா பண்ற நைனா?"

"படி கழுவறேன்."

"தொடப்பம் எங்க?"

அவர் மக்கை இன்னும் பின்னால் தள்ளினார்.

"தொடப்பம் எங்கன்னு கேக்கறேன்!"

"கத்தாத. கீழ அந்தம்மா இருக்குது." மடித்த லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டார். "நீ துட்டு கட்டினியே அந்தப் பாலிசி. சும்மா போவக்கூடாதுன்னு பாத்தேன்."

நான் அவருக்கு எதிரில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு சேர்த்துக்கொண்டு சொன்னார்.

"மைன்ஸ் ஆஸ்பத்திரில எப்டின்னா பாப்பா, இருமிக்கினு போனா டாக்டர் மூஞ்சியவே பாக்க மாட்டான். பீடிய வுடு, போ போம்பான். அதே கை நசுங்கி வந்தான்னு வை, ராஜா. ஸ்ட்ரெச்சர் வரும், ரொட்டி வரும், பாலு வரும். படுத்துக்கினு இருக்கறப்போ நெஞ்சையும் குழாய வெச்சுப் பாத்துடுவான். அதுக்கோசரமே சுண்டு வெரல கல்லுக்கடியில வெச்சவங்க இருக்காங்க. நெஞ்சு அடைச்சா வெரல வெய்யின்னு மேஸ்திரியே சொல்லுவான். சுண்டு வெரலு இல்லாம எத்தினி பேர நீ சின்னதுல பாத்துருக்க? அத்தினியும் ஆக்சிடென்ட்டுன்னு நெனச்சியா?"

பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபத்துக்குக் கை கூப்பும்போது பார்த்திருக்கிறேன்.

"இது வேற நைனா. இங்க கால் ஒடஞ்சா காலை மட்டும்தான் பாப்பான். நெஞ்சைத் தொட்டா அதுக்குத் தனி பில்லு. அது பாலிசில வராது."

அவர் நிஜமாகவே குழம்பிப் போனார்.

"ஒரே ஆளுதானே படுத்துக்கினு இருக்கான்? காலு வேற ஆளா, நெஞ்சு வேற ஆளா?"

இதை அந்தத் தேன்குரல்காரியைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

"அது கெடக்கட்டும்" என்றார். "இந்தக் காலு வுட மாட்டேங்குது. மைன்ஸ் அடியில ஏணி எப்பவும் ஈரம்தான். வழுக்கினா செத்தான். அப்ப கத்துக்கினுது. இப்ப மறந்துடுன்னா மறக்க மாட்டேங்குது. நானும் தெனம் சொல்லிப் பாக்கிறேன்."

தினம். நான் எழுந்திருக்கும் முன்பு, குளிக்கப் போனபோது, போனில் எவனோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது எல்லாம் இவர் இங்கே நின்று தன் காலோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மக்கை எடுத்துச் சுவரில் அடித்தேன். அது உடையவில்லை. மறுபடி அடித்தேன். ஓனர் ஆன்ட்டி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

அவரைத் திருப்பி உட்கார வைத்து முதுகில் காதை வைத்தேன். உள்ளே வெகு ஆழத்தில் யாரோ ஜல்லிக்கல் மேல் நடப்பது மாதிரி சத்தம் கேட்டது. நடந்துகொண்டே இருந்தார்கள், நிற்கவில்லை. உதட்டைப் பார்த்தேன். நீலம் எப்போதோ வந்துவிட்டிருந்தது. கிராம்புக் கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கல் வரைக்கும் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தெருமுனை கிளினிக்கில் மூச்சுக்கு மருந்துப்புகை பிடிக்க வைத்து அன்றைய பொழுதை ஓட்டினேன். இனி எவனுடைய காப்பீட்டையும் தேடுவதில்லை என்று முடிவு செய்தேன். தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்று அரசாங்கக் காப்பீடு ஒன்று இருக்கிறது. சேர்ந்த உடனே அப்பா அம்மாவுக்கும் சேர்த்து வைத்தியம், நெஞ்சில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அது நமக்கு இல்லை. நான் சூப்பர்வைசராகித் தாண்டினவள். திரும்பி அந்தப் பக்கம் போனால் போயிற்று.

காலையில் ஓனர் ஆன்ட்டியிடம், "இவரைப் படிக்கட்டுப் பக்கம் விடாதீங்க" என்று சொல்லி நடந்ததையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போய் எங்கள் பாத்ரூமிலிருந்த மக், வாளி எல்லாவற்றையும் எடுத்துத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள். பேய் இல்லை என்றதில் அவளுக்கு நிம்மதி வந்த மாதிரி தெரியவில்லை.

பொம்மசந்திராவில் வண்டிகளுக்கு பிளாஸ்டிக் பாகம் செய்யும் ஒரு சின்ன யூனிட்டுக்குப் போனேன். எங்கள் பழைய கம்பெனிக்குச் சரக்கு கொடுத்தவர்கள். எச்.ஆரில் இருந்த பெண் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"மேடம், நீங்களா? எங்க சரக்கையெல்லாம் ரிஜெக்ட் பண்ணுவீங்களே!"

"ரிஜெக்ட் பண்ற மாதிரிதான் இருந்துச்சு. லைன்ல ஆள் வேணும்னு போர்டு போட்டிருக்கீங்க. எனக்கு வேணும்."

"லைன் ஆபரேட்டரா? நீங்களா? அந்தச் சம்பளம்..."

"அந்தச் சம்பளம்தான் வேணும். இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல ஒரு ரூபா போடாதீங்க. நம்பர் இன்னிக்கே வேணும்."

"எல்லாரும் மேல போடுங்கன்னுதான் மேடம் கேப்பாங்க."

"எனக்கு அப்பா மூச்சு விடணும். போடுறியா, பக்கத்து யூனிட்டுக்குப் போகட்டுமா?"

போட்டாள். மத்தியானம் நீலத் தொப்பி மாட்டிக்கொண்டு லைனில் நின்றேன். என் வயதில் பாதி இருக்கும் லைன் லீடர் ஒருத்தி வந்து, "அக்கா, இனிமே நீங்க பண்ற பீஸை யாரு ரிஜெக்ட் பண்றது?" என்று கேட்டுக் கண்ணடித்தாள். "நானே பண்ணுவேன், நீ போய் வேலையைப் பாரு" என்றேன். பொங்கலுக்குப் பிறகு வரச் சொன்ன கம்பெனிக்கு வரவில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன். "ஓ" என்றார்கள்.

அந்த வாரமே அப்பாவை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். மூக்கில் குழாயோடு அவர் முதல்முறையாக வாய் விட்டு இருமினார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

போர்வையை விலக்கிய நர்ஸ் அவர் காலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்னங்கய்யா இது?" என்றாள். விரல்களின் அடிப்பகுதியில் தோல் இல்லை. இரண்டு நகம் பாதியாகப் பிளந்திருந்தது. நான்கூட அதைக் கவனிக்கவில்லை. "விழுந்துட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். "இல்ல சிஸ்டர். வுழல" என்றார், பரீட்சையில் தோற்றவன் மாதிரி.

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அவள் பஞ்சில் மருந்து நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக் கட்டுப் போட்டாள்.

சில நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து சாயங்காலம் வார்டுக்குப் போனேன். அப்பாவின் படுக்கையருகில் ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர், இப்போது நீலசந்திராவில் மகனோடு இருப்பவர். அவருக்கும் அதே நெஞ்சு, அதே இரைப்பு. மகன் தினக்கூலி. எந்த அட்டையும் கிடையாது.

"எப்டிடா உன்ன உள்ள சேத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா போர்வையை விலக்கிக் கட்டுப் போட்ட காலைக் காட்டினார். "இத்தாலதான். மொதல்ல கால பாத்தாங்க, அப்புறம் நெஞ்சு. அங்க மாதிரியேதான் இருக்குது இங்கயும். எம்பொண்ணு ஒத்துக்க மாட்டேங்குது."

"இல்ல மாமா" என்றேன். "அது பொய். நான் வேலை மாறினேன், அந்தக் கார்டுல சேத்தாங்க. காலுக்காகச் சேக்கல."

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சின்னப் பெண்கள் ஏதாவது சொன்னால் பெரியவர்கள் ஆட்டுவார்களே, அந்த ஆட்டல். பிறகு குனிந்து தன் செருப்புக் கால்களைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு, "வர்றேன்டா" என்று எழுந்தார்.

நான் கொண்டுவந்த கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் லிப்ட் பக்கம் போகவில்லை, மாடிப்படிப் பக்கம் திரும்பினார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். முதல் படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஆயா அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

முழங்கைக்கு மேல் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"எதுக்கும்மா புடிக்கிற? நான் இன்னா கொழந்தையா?"

"வாங்க மாமா, சேந்தே எறங்கலாம்."

"வலிக்குது, வுடு."

விடவில்லை. அந்தப் படிக்கட்டு முழுக்க, கேட் வரைக்கும், பஸ் வந்து அவர் ஏறி உட்காரும் வரைக்கும் விடவில்லை.